நேரலையில் படித்தவள்

என் சித்தப்பா மகளுக்கும் எனக்கும் ஒரே வயது. ஒரே வீட்டில் வளர்ந்தோம், ஒரே பள்ளிக்கூடத்துக்குப் போனோம், கடைசியில் ஒரே கல்லூரியில் ஒரே வகுப்பில் பி.காம். சேர்ந்தோம். இதைக் கேட்பவர்கள், "அப்ப ரெண்டு பேரும் நல்ல சிநேகிதிகளா இருப்பீங்களே" என்பார்கள். இல்லை. எங்களுக்குள் ஆகாது. சின்ன வயதிலிருந்தே ஆகாது. பெரிய காரணம் எதுவும் சொல்ல முடியாது. அவள் அழுதால் எனக்கு அடி விழும். நான் அழுதால், "நீ மூத்தவல்லா, விட்டுக்குடு" என்பார்கள். இத்தனைக்கும் நான் அவளைவிடக் கொஞ்ச மாதம்தான் மூத்தவள்.

சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டின் பின்பாதி தறிக்கூடம். அப்பாவும் சித்தப்பாவும் கூட்டாக விசைத்தறி ஓட்டினார்கள். மாடியில் ஒரே ஓர் அறை. கல்லூரியில் சேர்ந்த வருடம் அந்த அறை அவளுக்குப் போனது. அவளுக்குச் சத்தம் கேட்டால் தலை வலிக்குமாம். எனக்குத் தலையே இல்லை என்று நினைத்தார்கள் போல.

இரண்டாம் வருடத்தில் அவள் யூடியூபில் ஒரு சேனல் தொடங்கினாள். பாடம் நடத்துகிற சேனல் இல்லை. அவள் படிப்பதை நேரலையில் காட்டுகிற சேனல். செல்போனை ஒரு ஸ்டாண்டில் மாட்டி மேஜையைப் பார்க்கும்படி வைப்பாள். முகம் தெரியக் கூடாது என்று சித்தப்பா சொல்லிவிட்டதால் கைகள் மட்டும் தெரியும். கண்ணாடி வளையல் போட்ட இரண்டு கைகள், புத்தகம், நோட்டு, கலர் கலராகப் பேனா, பக்கத்தில் ஒரு கடிகாரம். கல்லூரி மதியமே முடிந்துவிடும். நாலு மணிக்கு உட்கார்ந்தால் விளக்கு வைத்து வெகுநேரம் ஆகும் வரை படிப்பாள், அல்லது படிப்பதைக் காட்டுவாள். தொடக்கத்தில் மட்டும், "வாங்க மக்களே, இன்னைக்கும் சேர்ந்து படிக்கலாம்" என்று பேசுவாள். எங்கள் வீட்டில் யாரும் அப்படிப் பேச மாட்டோம். டிவியில் வருகிறவர்கள் மாதிரி ஒரு குரலை வரவழைத்துக்கொள்வாள்.

எங்கெங்கோ இருக்கிற பிள்ளைகள் அதைப் போட்டு வைத்துக்கொண்டு கூடவே படித்தார்கள். எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது. சித்தப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. தறிக்குப் பாவு நூல் வாங்கப் போகிற இடத்திலெல்லாம் போனை எடுத்துக் காட்டினார். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வந்த உறவுக்காரர்கள் கோயிலுக்குப் போகிறார்களோ இல்லையோ, மாடிப்படி ஏறி அந்த மேஜையைப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஒரு மாமா என்னிடம், "ஏட்டி, நீயும் அவகூட உக்காந்து படிக்கலாம்லா?" என்று கேட்டார். "என் கை அவ்வளவு செவப்பா இல்ல மாமா" என்றேன். அம்மா அடுப்படியிலிருந்து முறைத்தாள்.

அதற்குப் பிறகுதான் வீடு அவள் நேரலைக்கு ஏற்றபடி மாறத் தொடங்கியது. மாடி அறைக்கு நேர் கீழே ஓடுகிற இரண்டு தறிகளின் சத்தம் மைக்கில் விழுகிறது என்றாள். அவை இரண்டும் அப்பா பார்த்துக்கொள்கிற தறிகள்.

"அண்ணே, நாலு மணிக்கு மேல அந்த ரெண்டை மட்டும் நிப்பாட்டிக்கிடுவோமே. பிள்ளை படிக்கால்லா" என்றார் சித்தப்பா.

அப்பா ஒன்றும் பேசாமல் நிறுத்தினார். அவருக்குக் கோபம் வந்தால் வாய் மூடிக்கொள்ளும். அன்றிலிருந்து சாயங்காலம் அவர் தறிக்கூடத்து வாசலில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அடுத்தது வைஃபை. வேறு யாராவது பயன்படுத்தினால் நேரலை திக்கித் திக்கிப் போகிறதாம். அதனால் நாலு மணிக்கு மேல் யாரும் தொடக் கூடாது. எனக்கு வகுப்புக் குழுவில் வருகிற வீடியோக்களைப் பார்க்க வேண்டும். எங்கள் கல்லூரியில் பாதிப் பாடத்துக்கு நிரந்தர ஆசிரியர் கிடையாது. "இந்த லிங்கைப் பார்த்துக்கோங்க" என்று அனுப்பிவிடுவார்கள். மத்தியானம் கல்லூரியிலேயே வீடியோக்களை இறக்கி வைத்துக்கொள்வேன். வீட்டுக்கு வந்ததும் தறிக்கூடத்துக்குள் போய்விடுவேன். மற்ற தறிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அந்தச் சத்தத்தில் காதில் எதை மாட்டினாலும் ஒன்றும் கேட்காது. ஆனால் யாரும் என்னிடம் பேசவும் முடியாது, வேலை ஏவவும் முடியாது. அதுதான் எனக்கு வேண்டியது.

குரல் கேட்காததால் திரையில் ஓடுகிற எழுத்தை வைத்துத்தான் படித்தேன். அது தானாக உருவாகிற எழுத்து. பாடம் நடத்துகிறவர் மூலதனம் என்று சொன்னால் "மூளை தினம்" என்று வரும். அதனால் எழுத்தை நம்பாமல், கணக்கைப் போர்டில் எழுதியதும் வீடியோவை நிறுத்திவிடுவேன். நானாகப் போட்டுப் பார்த்துவிட்டு மறுபடி ஓடவிடுவேன். தப்பாக இருந்தால் எங்கே தப்பு என்று தேடுவேன். நான் புத்திசாலி என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. காது கேட்காத இடத்தில் வேறு வழியில்லை.

எங்கள் வகுப்பில் ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு விதம். குருவிகுளத்துப் பக்கமிருந்து வருகிற ஒருத்தன் எல்லாப் பாடத்தையும் இரட்டை வேகத்தில் ஓடவிட்டு பஸ்ஸிலேயே முடித்துவிடுவான். கேட்டால், "முடிச்சாச்சு" என்பான், கணக்கு போடத் தெரியாது. இன்னொருத்தி திரையைப் படம் பிடித்து வைத்துக்கொள்வாள். அவள் போன் முழுக்கப் பாடம், மண்டையில் ஒன்றுமில்லை. எல்லோரும் நாளெல்லாம் போனில் படித்தார்கள். பரீட்சைத்தாள் கைக்கு வந்ததும் பேனாவைக் கடித்தார்கள். இருந்தாலும் அவர்கள் யாரும் என் அப்பாவின் தறியை நிறுத்தவில்லை. என் கோபமெல்லாம் மாடியில் இருந்தவள் மேல்தான்.

அவள் படிக்கவில்லை என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. துணி காயப்போட மாடிக்குப் போன ஒரு நாள் ஜன்னல் வழியே பார்த்தேன். வலது கை புத்தகத்தைப் பார்த்து அழகாக எழுதிக்கொண்டிருந்தது. தலைப்புக்குப் பச்சை, அடிக்கோட்டுக்கு ஊதா. மேஜைக்குக் கீழே மடியில் இன்னொரு போன். நேரலையில் தெரிகிற இடது கையை அவ்வப்போது மெல்லக் கீழே இறக்கி, வருகிற கமெண்டுக்கெல்லாம் இதயம் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் மனது புத்தகத்தில் இல்லவே இல்லை. எழுதியது என்ன என்று அந்த நிமிடமே கேட்டிருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்காது. நான் ஈரத்துணியை உதறிப் போட்டுவிட்டு இறங்கினேன். அன்றைக்கு முழுக்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஐந்தாவது செமஸ்டர் பரீட்சைக்குச் சில நாட்களே இருந்தபோது, காஸ்ட் அக்கவுண்டிங் எடுக்கிற சார் ஆன்லைனில் ஒரு சந்தேக வகுப்பு வைப்பதாகக் குழுவில் போட்டார். சாயங்காலம் ஐந்து மணிக்கு. பதிவு செய்து அனுப்ப மாட்டேன், வருகிறவர்கள் வாருங்கள் என்றும் எழுதியிருந்தார். நிரந்தரமாக இருந்த ஒரு சில ஆசிரியர்களில் அவர் ஒருவர். நன்றாக நடத்துவார். எனக்குக் கேட்க நிறைய இருந்தது. என் போனில் அன்றைய டேட்டா தீர்ந்திருந்தது.

மாடி ஏறி அவளிடம் கேட்டேன். அவள் கடிகாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு ஒரு நாள் லைவ் வேண்டாம். சார் கிளாஸ் எடுக்காரு. நீயும் வரணும்லா?"

"அவரு நடத்துறதைப் பொறவு யார்ட்டயாச்சும் கேட்டுக்கிடலாம். பரிச்சை நேரம், இன்னைக்கு நெறைய பேர் வாரேன்னு சொல்லியிருக்காவ. லைவ் போடலைன்னா ஏமாந்து போவாவ."

"அப்ப நான் வைஃபைல உக்காந்துக்கிடுதேன். கொஞ்ச நேரம்தான்."

"திக்குச்சுன்னா நான் பொறுப்பில்ல" என்றாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

வகுப்பு ஆரம்பித்தது. முன்னறையில் உட்கார்ந்திருந்தேன். மேலே அவள், "வாங்க மக்களே" என்று தொடங்கியது கேட்டது. சார் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சந்தேகம் கேட்டார். என் பெயரைச் சொன்னார். மைக்கைத் திறந்து, பிராசஸ் கணக்கில், தயாரிப்பில் சேதாரமாகிற சரக்கைக் கழிப்பதில் எனக்குப் பிடிபடாத ஓர் இடத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். திரை அப்படியே நின்றது. பிறகு, "இணைய இணைப்பு இல்லை" என்று வந்தது. வைஃபை பெட்டி அவள் அறையில்தான் இருந்தது. என் போனை மட்டும் அதில் தடுத்துவிட்டாள்.

படிகளை எப்படி ஏறினேன் என்று ஞாபகம் இல்லை. கதவைத் தள்ளிக்கொண்டு போனேன். அவள் வாயைத் திறக்காமல், லைவ் ஓடுகிறது என்று பேனாவால் போனைக் காட்டினாள். அந்தச் சைகைதான் என்னை முழுக்கக் கிளப்பிவிட்டது.

"ஓடட்டும்! எல்லாரும் கேக்கட்டும்!" என்று கத்தினேன். "கீழ சார் இந்தப் பாடத்தைத்தான் நடத்திக்கிட்டு இருக்காரு. அதைப் படிக்காம இங்கன படிக்க மாதிரி உக்காந்திருக்கே. மடியில என்னட்டி போன்? அதையும் எடுத்துக் காட்டு. நீ எழுதுறதுல ஒரு வரி ஒனக்குத் தெரியுமா? சொல்லு, பிராசஸ் லாஸ்னா என்ன? சொல்லுட்டி!"

அவள் முகம் வெளுத்தது. ஆனால் ஒரு கணம்தான். எழுந்து போன் ஸ்டாண்டைத் திருப்பினாள், என் பக்கமாக. நான் வீட்டு நைட்டியில் இருந்தேன். தலையெல்லாம் தறிக்கூடத்துப் பஞ்சு. அந்தக் கோலத்தில் என்னை உலகத்துக்குக் காட்டிக்கொண்டு, தன் இனிய குரலில் சொன்னாள்: "மன்னிச்சிருங்க மக்களே. பொண்ணுங்க படிக்கணும்னு நினைச்சா வீட்ல இப்படியெல்லாம்தான் தாண்டி வரணும்."

நான் மேஜையைத் தள்ளினேன். கடிகாரம் விழுந்தது. சித்தி ஓடி வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். "பொறாமை பிடிச்ச மூதி" என்றாள். அவள் என்னை அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. நினைத்தது முதல் தடவையாக இருக்காது.

மறுநாள் கல்லூரி வாசலில் எல்லார் போனிலும் நான் இருந்தேன். யாரோ அந்தப் பகுதியை மட்டும் வெட்டி அனுப்பியிருந்தார்கள். "கோவக்கார அக்கா" என்று பெயர் வைத்திருந்தார்கள். பஸ் ஸ்டாண்டில் பையன்கள், "சொல்லுட்டி, பிராசஸ் லாஸ்னா என்ன?" என்று என் குரலிலேயே கத்தினார்கள். அவளுக்கு அதனால் நஷ்டமே இல்லை. சேனலுக்கு இன்னும் கூட்டம் சேர்ந்தது. கோவக்கார அக்கா இன்னைக்கு வருவாங்களா என்று கேட்டு உட்கார்ந்திருந்தவர்களும் உண்டு. சார் மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, விட்டுப்போன அந்த இடத்தை விளக்கினார். வேறு எதுவும் கேட்கவில்லை.

வீட்டில் சித்தியும் அம்மாவும் பேச்சை நிறுத்தினார்கள். அடுப்படியில் இரண்டு அடுப்பு வந்தது. அப்பா அந்த இரண்டு தறிகளையும் நாலு மணிக்கு மேலும் ஓட்ட ஆரம்பித்தார். சித்தப்பா வந்து நின்று பார்த்தார். "அண்ணே" என்றார். அப்பா திரும்பவே இல்லை. மைக்கில் தறிச் சத்தம் விழுந்தது. அது நன்றாக இருக்கிறது, தூக்கம் வருவதில்லை என்று அவளுக்குக் கமெண்ட் வந்ததாம். எதைச் செய்தாலும் அது அவளுக்கே சாதகமாகப் போனது.

பரீட்சை முடிந்து, ரிசல்ட் வந்த நாளில் பல்கலைக்கழகத்தின் தளம் திறக்கவே இல்லை. மத்தியானத்துக்கு மேல்தான் திறந்தது. நான் எல்லாவற்றிலும் தேறியிருந்தேன். வகுப்பில் முதலிடமெல்லாம் இல்லை. நடுவில் ஓர் இடம். காஸ்ட் அக்கவுண்டிங்கில் சுமாரான மார்க்குதான். அவளுக்குக் காஸ்ட் அக்கவுண்டிங்கும் இன்கம்டாக்ஸும் போயிருந்தது.

"எப்படிப் போகும்?" என்று சித்தப்பா முற்றத்தில் நின்று கத்தினார். "எத்தனை மணி நேரம் படிச்சான்னு ஊரே பாத்துச்சே! பேப்பரைத் திருத்துனவன் கண்ணு அவிஞ்சு போச்சா?" மறுமதிப்பீட்டுக்கு எழுதிப் போட்டார். பின்னால் அதிலும் ஒன்றும் மாறவில்லை. அவள் அறையைவிட்டு வெளியே வரவில்லை. நேரலையும் இல்லை. உடம்பு சரியில்லை என்று சேனலில் எழுதிப் போட்டிருந்தாள்.

ரிசல்ட் வந்த அதே வாரத்தில் ஒரு நாள் காலையில், பர்தா போட்ட ஒரு பெண்ணும் அவளுடைய உம்மாவும் வாசலில் வந்து நின்றார்கள். கையில் பெரிய ஸ்வீட் பெட்டி. கடையநல்லூரிலிருந்து வருகிறார்கள். அந்தப் பெண் வேறு கல்லூரியில் எங்களைப் போலவே பி.காம். கடைசி வருடம். ஒரே பல்கலைக்கழகம் என்பதால் ஒரே வினாத்தாள். எங்கள் வகுப்பில் அவளுக்குச் சொந்தக்காரப் பையன் ஒருவன் இருந்ததால் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"அக்கா இருக்காவளா? கையை மட்டும்தான் பாத்திருக்கேன். ஒரு தடவ முகத்தைப் பாத்துட்டுப் போயிருதேன்" என்றாள்.

சித்தி அவர்களை உட்கார வைத்தாள். சித்தப்பா மகள் கீழே இறங்கி வந்தாள். நானும் போகாமல் தூணோரம் நின்றேன். வேடிக்கை பார்க்கத்தான் நின்றேன்.

அந்தப் பெண் பேசத் தொடங்கியவள் நிறுத்தவில்லை. "எங்க வீட்ல தம்பி, தங்கச்சி, மாமி பிள்ளைய எல்லாம் ஒரே கூச்சல். வாப்பா வெளிநாட்டுல. உக்காந்தா யாராச்சும் கூப்பிடுவாவ. அக்கா லைவைப் போட்டு முன்னால வச்சிக்கிடுவேன். அக்கா கை எழுதிக்கிட்டே இருக்கும். நாம மட்டும் எந்திரிச்சுப் போனா வெக்கமா இருக்கும்லா? அப்படியே உக்காந்து ஒவ்வொரு கணக்கா போட்டுப் பாத்துருவேன். காஸ்ட் அக்கவுண்டிங்ல எங்க காலேஜ்ல நான்தான் மேல."

உம்மா எங்கள் சித்தப்பா மகளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "அல்லா ஒனக்கு நல்லது செய்வான் மக்கா" என்றார்.

"ஒங்களுக்கு எவ்வளவு மார்க்குக்கா?" என்று பெண் கேட்டாள்.

சித்தி முந்திக்கொண்டாள். "இவளோடது இன்னும் வரலம்மா. நிறுத்தி வச்சிருக்காவ."

நான் வாயைத் திறந்தேன். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் திறந்தேன். அதற்குள் அவளே சொன்னாள், எங்கள் வீட்டுக் குரலில். "ரெண்டு பேப்பர்ல பெயிலு. அதுல ஒண்ணு காஸ்ட் அக்கவுண்டிங்."

அந்தப் பெண் பெட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள். பிறகு அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்கதானே அன்னைக்கு வந்து சத்தம் போட்டது?"

"ஆமா."

"ஏன் அப்படிச் செஞ்சீங்க? அன்னைக்கு லைவ் நின்னு போச்சு. எனக்குப் படிப்பே ஓடல. பாதில விட்ட கணக்கு பரிச்சைல வந்துச்சு. அதுல மட்டும்தான் மார்க்கு போச்சு."

அவள் குரலில் உண்மையான கோபம் இருந்தது. பழக்கமில்லாத வீட்டில், உம்மா பக்கத்தில் இருக்க, என்னைப் பார்த்து அப்படிக் கேட்டாள். சாரின் வகுப்பு, வைஃபை, அப்பாவின் தறி என்று எனக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. அவளுக்கு அதெல்லாம் எதற்கு? என் நியாயம் ஒன்றும் அவளுக்குக் கணக்குப் போட உதவவில்லை.

அவர்கள் போன பிறகு சித்தி உள்ளே போய்விட்டாள். முற்றத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

"சந்தோஷமாட்டி ஒனக்கு?" என்று கேட்டாள் சித்தப்பா மகள்.

"ஆமா. சந்தோஷம்தான்" என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டு மாடிக்குப் போனாள்.

இரண்டு நாள் கழித்துச் சித்தப்பா என்னைத் தேடித் தறிக்கூடத்துக்கே வந்தார். சத்தத்துக்கு மேல் கத்த முடியாமல் வெளியே வரச் சொன்னார். "அந்தக் கணக்குப் பாடத்தை அவளுக்குக் கொஞ்சம் சொல்லிக்குடேன் மக்கா. நீ பாஸாயிருக்கேல்லா" என்றார். அவர் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. "மாட்டேன்" என்றேன். அப்பா கூட அன்று என்னைத் திட்டினார். நான் மாறவில்லை. இப்போது கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

பொங்கல் கழிந்து அண்ணன் தம்பி பிரிந்துகொண்டார்கள். தறிகளைப் பங்கு பிரித்து, முற்றத்துக்கு நடுவே சுவர் எழுப்பினார்கள். மாடி அறை அவர்கள் பக்கம் போனது. மதியத்துக்கு மேல் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வீடியோ கால் பேச்சுக் கேட்கும். கடையநல்லூர்க்காரி குரல்தான். "இல்லக்கா, பாக்காமப் போடுங்க. நான் இங்கன உக்காந்துதான் இருக்கேன், மெதுவா போடுங்க." சில நேரம் இரண்டு பேரும் சிரிப்பார்கள். நான் எங்கள் பக்கத்துத் தறிகள் எல்லாம் ஓடுகிற நேரமாகப் பார்த்து முற்றத்துக்குப் போக ஆரம்பித்தேன்.

அடுத்த தடவையில் அவள் இரண்டு பேப்பரையும் முடித்துவிட்டாள். சித்தி தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்தாள், எங்கள் வாசலைத் தவிர. கல்லூரியில் தெரிந்தவர்கள் மூலம்தான் மார்க்கைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். காஸ்ட் அக்கவுண்டிங்கில் என்னைவிட அதிகம். கொஞ்சம் அல்ல, நன்றாகவே அதிகம்.

இப்போது நான் ஊரிலேயே ஓர் ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறேன். அவள் எம்.காம். படிக்கிறாள், சேனலையும் நடத்துகிறாள். வழியில் பார்த்தால் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொள்கிறோம். அவள் எப்படிப் படித்தாள், எது பலித்தது, எது வெறும் காட்சி என்று நான் யோசிக்காமல் இல்லை. யோசிக்கும்போதெல்லாம் கடைசியில் அந்த மார்க்கில்தான் வந்து நிற்கிறேன். இன்னும் எரிகிறது.